பாட்டின் நடுவே விழும் பெயர்கள்: கொங்கோ இசையில் யாருடைய பணம்?

பழைய_இசைத்தட்டு:

வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது.

கொங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவில் நான்கு வருடம் ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். போன புதிதில் லிங்காலா மொழியில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் அந்த ஊரில் பாட்டு கேட்காமல் ஒரு தெருவைக்கூடத் தாண்ட முடியாது. முடிதிருத்தும் கடை, பீர்க்கடை, டாக்சி, எல்லா இடத்திலும் ஒலித்துக்கொண்டே இருக்கும். பாட்டு நிதானமாகத் தொடங்கும். காதல், பிரிவு, ஏக்கம். நான்கைந்து நிமிடம் போனதும் கிட்டார்கள் வேகம் பிடிக்கும். ஆட்டத்துக்கான அந்தப் பகுதியை செபென் என்பார்கள். அங்கே ஒருவர் கூவத் தொடங்குவார். அவருக்கு அட்டலாக்கு என்று பெயர். ஆட்டத்தின் பெயரைச் சொல்வார், கூட்டத்தை உசுப்புவார், நடுநடுவே ஆட்களின் பெயர்களை உரக்கச் சொல்வார்.

என் பக்கத்து மேசையில் வேலை பார்த்த கொங்கோ நண்பரிடம், “இந்தப் பெயர்களெல்லாம் யார்? பாட்டில் வரும் கதாபாத்திரங்களா?” என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார்: இவர் வைர வியாபாரி, இவர் படைத்தளபதி, இவர் பிரஸ்ஸல்ஸில் கார் வாங்கி விற்பவர், இவர் ஒரு அமைச்சரின் மகன். எல்லோரும் காசு கொடுத்தவர்கள். இதற்கு லிபாங்கா என்று பெயர். அந்தச் சொல்லுக்குக் கல் என்று பொருள், பன்மையில் மபாங்கா. பாடகர் ஒரு பெயரைச் சொன்னால் “கல் எறிந்துவிட்டார்” என்பார்கள். எறிந்த கல் யார் மேல் விழுகிறதோ அவர் திரும்பிப் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

அந்த நகரத்தில் எந்தக் காலத்தில் யாரிடம் பணமும் அதிகாரமும் இருந்தது என்று தெரிய வேண்டுமானால், செய்தித்தாளைவிட இந்தப் பாட்டுகள் நேர்மையான பேரேடு என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நெய்தல்:

எனக்கு இது வருத்தமாகத்தான் இருக்கிறது சார். நீங்கள் சொல்லும் அந்த இசையை, கொங்கோ ரும்பாவை, நானும் விரும்பிக் கேட்பேன். அந்தக் கிட்டார் பின்னலுக்கு ஈடே இல்லை. ஆனால் புதிய பாட்டுகளில் பாதி நேரம் பெயர்ப்பட்டியல்தான் ஓடுகிறது. மொழி தெரியாத எனக்கே அது தட்டுப்படுகிறது. கலைஞன் பணக்காரன் வாசலில் நிற்பதை நேர்மையான பேரேடு என்று எப்படிச் சொல்வது?

பழைய_இசைத்தட்டு:

நெய்தல் மேடம், நீங்கள் சொல்லும் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் இது எப்படி வந்தது என்று பார்த்தால் பாடகர் மேல் மட்டும் கோபப்பட முடியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் பெயர் சொல்வது அங்கே புதிதில்லை. 1960 ஜனவரியில் பெல்ஜியத்துடன் விடுதலைப் பேச்சு நடத்தக் கொங்கோ தலைவர்கள் பிரஸ்ஸல்ஸ் போனபோது, ஜோசப் கபசேலேயின் ஆப்ரிக்கன் ஜாஸ் குழுவும் அங்கே போனது. அங்கேதான் ‘அந்தெபாந்தாஞ்ச் ச்சா ச்சா’ பிறந்தது. லுமும்பா, கசவுபு, போலிகாங்கோ, கலோன்ஜி என்று தலைவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக வரும். ஒரு நாடு கிடைக்கப்போகிற சந்தோஷத்தில் சொன்ன பெயர்கள் அவை. ஒரே வருடம். முதல் பிரதமரான லுமும்பாவை 1961 ஜனவரியில் கொன்றுவிட்டார்கள். பாட்டில் மட்டும் அத்தனை பேரும் இன்றைக்கும் ஒன்றாக நிற்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1965 நவம்பரில் படைத்தளபதி மொபுட்டு ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஜூனில் முன்னாள் பிரதமர் எவரிஸ்த் கிம்பா உட்பட நான்கு பேரை மக்கள் முன்னால் தூக்கிலிட்டார். ஓகே ஜாஸ் குழுவின் தலைவர் ஃபிராங்கோ அதற்குப் பிறகு சொந்த ஜனத்தையே பலியிடும் ஒரு சூனியக்காரனைப் பற்றிய நாட்டுப்புறப் பாட்டை எடுத்துப் பதிவு செய்தார். யாரைச் சொல்கிறார் என்று ஊருக்கே புரிந்தது. பாட்டைத் தடை செய்தார்கள்.

1971இல் நாட்டின் பெயர் சயீர் ஆனது. அடுத்த வருடம் கிறிஸ்தவப் பெயர்களை விட்டுவிட்டு மூதாதையர் பெயர்களை வைத்துக்கொள்ளச் சொல்லி உத்தரவு. ‘சுயத்துக்குத் திரும்புதல்’ என்பது மொபுட்டுவின் கொள்கை. 1973இல் வெளிநாட்டார் நடத்திய தொழில்களைப் பிடுங்கி உள்ளூர்க்காரர்களிடம் கொடுத்தார்கள். அப்போது மசாடிஸ் என்ற இசைத்தட்டு அச்சிடும் ஆலை ஃபிராங்கோ கைக்கு வந்தது. யாருடைய பாட்டு அச்சாகும், எப்போது அச்சாகும் என்பதையெல்லாம் இன்னொரு பாடகரே முடிவு செய்யும் நிலை. அதே வருடம் வந்த ‘அஸ்டா’ பாட்டைக் கேட்டிருப்பீர்கள். வே-வே-வே என்று மனதை உருக்கும் கோரஸ். அது கின்ஷாசாவில் ஃபோக்ஸ்வாகன் கார் விற்ற நிறுவனத்துக்கான விளம்பரம்! ஆப்பிரிக்காவின் மிக இனிமையான பாட்டுகளில் ஒன்று கார் விளம்பரம் என்பதை ஜீரணிக்க எனக்குப் பல நாள் ஆனது.

இரவுச் செய்திக்கு முன்னால் தொலைக்காட்சியில் மேகங்களுக்கு நடுவிலிருந்து மொபுட்டுவின் முகம் இறங்கி வரும். ஒவ்வொரு அலுவலகமும் பள்ளியும் அவரைப் புகழும் ஆட்டக்குழு வைத்திருக்க வேண்டும். 1974இல் அலி–ஃபோர்மன் குத்துச்சண்டைக்காக ஆளுக்கு 50 லட்சம் டாலர் என்று பேசி உலகத்தையே கின்ஷாசாவுக்கு வரவழைத்தார். ஃபோர்மனின் கண்ணருகே காயம் பட்டுச் சண்டை அக்டோபர் 30க்குத் தள்ளிப்போனது. அதற்காக ஏற்பாடு செய்திருந்த இசைவிழா செப்டம்பரிலேயே நடந்து முடிந்துவிட்டது. ஜேம்ஸ் பிரவுன், செலியா குரூஸ், மிரியம் மக்கேபா, ஃபிராங்கோ என எல்லோரும் ஒரே மேடையில் பாடிய விழா அது.

இப்படி வேண்டப்பட்டவராக இருந்த ஃபிராங்கோவையே 1978இல் ஆபாசப் பாட்டு பாடினார் என்று உள்ளே தள்ளினார்கள். வழக்கை நடத்தியவர் தலைமை அரசு வழக்கறிஞர் கெங்கோ வா டொண்டோ. மூன்று வருடம் கழித்து ஃபிராங்கோ ‘தையல்காரன்’ என்று ஒரு பாட்டு வெளியிட்டார். “ஊசிக்குச் சொந்தக்காரன் ஊசியைத் திருப்பி வாங்கிக்கொண்டான், இனி எதைக்கொண்டு தைப்பாய்?” என்ற கேள்விதான் அதன் சாரம். கெங்கோ பதவி இழந்திருந்த நேரம் அது, ஊருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அதே ஃபிராங்கோதான் 1984இல், மொபுட்டு ஒருவரே வேட்பாளராக நின்ற தேர்தலுக்கு, ‘மொபுட்டு நம் வேட்பாளர்’ என்று ஒரு முழுப் பாட்டும் பாடினார்.

ஆறாம்_திணை:

அருமையான பதிவு சார். ஒரு கேள்வி. நம்மிடமும் பாடாண் திணை இருக்கிறது, பாணர்கள் வள்ளல்களைத் தேடிப் போயிருக்கிறார்கள். ஆனால் அங்கே புலவன் மன்னனை இடித்துரைத்ததும் பாட்டாக நிற்கிறது. ஃபிராங்கோவை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? துணிச்சல்காரரா, பயந்தவரா?

பழைய_இசைத்தட்டு:

இரண்டு பேரும் அவருக்குள் இருந்தார்கள் என்றுதான் சொல்வேன். தையல்காரனைப் பாடத் துணிச்சல் வேண்டும். ஆனால் அது அதிகாரம் போனவரைப் பற்றிய பாட்டு. மேலே இருந்தவரை அவர் பிறகு தொடவே இல்லை. 1989 அக்டோபரில் பெல்ஜியத்தில் இறந்தபோது நாட்டில் நான்கு நாள் துக்கம். அரசு கொண்டாடிய, அரசே சிறையில் போட்ட ஒருவருக்கு அரசே எடுத்த துக்கம்.

வானொலிக்காரன்:

அரசு முழுக்கப் பொறுப்பேற்றால் என்ன ஆகும் என்பதற்கு கினி நாட்டைப் பார்க்க வேண்டும். 1958 செப்டம்பரில் பிரான்சுக்கு ‘வேண்டாம்’ என்று வாக்களித்து அக்டோபர் 2 அன்று விடுதலை பெற்ற நாடு. செக்கூ துரே ஆட்சிக்கு வந்ததும் மேற்கத்திய பாணி நடன இசைக்குழுக்களைக் கலைத்தார். புதிய குழுக்களை அரசே அமைத்தது. கருவிகள் அரசுடையவை. தேசியக் குழுக்களில் வாசித்தவர்களுக்கு மாதச் சம்பளம். ஊருக்கு ஊர் போட்டி, ஜெயித்தால் தலைநகர் கொனாக்ரியில் மேடை. சிலிஃபோன் என்று அரசே இசைத்தட்டு நிறுவனம் நடத்தியது.

நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், அந்தக் காலத்து கினி இசை மிக உயர்ந்தது. பெம்பெயா ஜாஸ், கெலெட்டிகி, பல்லா என யாரைக் கேட்டாலும் அலுக்காது. வாடகை பற்றிக் கவலைப்படாமல் நாள் முழுக்கப் பயிற்சி செய்தவர்களின் கை அது. அதற்குக் கொடுத்த விலை என்ன? பெம்பெயா ஜாஸின் மிகப் புகழ்பெற்ற படைப்பு, பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட சமோரி துரேயின் வரலாறு. ஒரு இசைத்தட்டின் இரண்டு பக்கமும் அதுவே. அந்தச் சமோரி தன் முப்பாட்டன் என்பது செக்கூ துரேயின் உரிமைகோரல். முன்னோரின் வீரம் முடியும் இடத்தில் அதிபரின் பெருமை தொடங்கிவிடும்.

இதைவிட என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. லே பாலே ஆப்ரிக்கேன் என்ற உலகப் புகழ்பெற்ற நடனக்குழுவைத் தொடங்கியவர் ஃபோதேபா கெய்ட்டா. கவிஞர். விடுதலைக்குப் பிறகு உள்துறை அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர். 1969இல் சதி செய்ததாக அவரையே பிடித்து போய்ரோ முகாம் சிறையில் அடைத்துக் கொன்றார்கள். அந்தச் சிறை அவர் அமைச்சராக இருந்த காலத்தில் உருவானது.

லாகோஸ்_வாசி:

நைஜீரியாவில் அரசின் அரவணைப்பும் அடக்குமுறையும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. எண்ணெய்ப் பணம் கொட்டிய காலம். 1977 ஜனவரி 15 முதல் பிப்ரவரி 12 வரை லாகோஸில் ஃபெஸ்டாக் என்ற மாபெரும் கறுப்பினக் கலைவிழா. அரசை எதிர்த்துப் பாடிய ஃபெலா குட்டி அதில் சேர மறுத்துத் தன் இடத்திலேயே பாடினார். விழா முடிந்து ஆறாம் நாள், பிப்ரவரி 18, ராணுவம் அவர் வீட்டுக்குத் தீ வைத்தது. அவருடைய அம்மா ஃபுன்மிலாயோ நாடறிந்த பெண்ணுரிமைப் போராளி. அவரை மாடி ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த வருடம் இறந்துபோனார்.

லிபாங்கா மாதிரியே இங்கே விருந்துகளில் பாடுபவரின் நெற்றியில் நோட்டை ஒட்டும் வழக்கம் உண்டு. ‘ஸ்ப்ரே’ பண்ணுவது என்பார்கள். ஜூஜூ, ஃபூஜி என்ற உள்ளூர் இசை வகைகளின் பாடகர்கள் நோட்டு ஒட்டுபவரின் பெயர், அவர் அப்பா பெயர், ஊர் என எல்லாவற்றையும் பாட்டில் கோர்ப்பார்கள். சட்டப்படி அது குற்றம். 2024 ஏப்ரலில் ஒரு பிரபலத்துக்கு இதற்காக ஆறு மாதம் சிறை கிடைத்தது. ஆனாலும் கல்யாண வீடுகளில் வழக்கம் நிற்கவில்லை.

செய்தித்துறையும் அப்படித்தான். பத்திரிகையாளர் கூட்டத்தில் நிருபருக்குப் பணம் வைத்த ‘பழுப்பு உறை’ கைமாறும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எதிராகக் காட்டினால் வேறு மாதிரி: 2020 அக்டோபரில் காவல்துறைக் கொடுமைக்கு எதிரான போராட்டத்தைக் காட்டிய விதத்துக்காக மூன்று தொலைக்காட்சிகளுக்குத் தலா 30 லட்சம் நைரா அபராதம்.

நெய்தல்:

படித்துக்கொண்டே வருகிறேன். சரி, மொபுட்டு காலத்தில் அரசு. இப்போது யார்? தனி ஆட்கள் பெயர் வாங்குவது எப்போது இவ்வளவு பெருகியது?

பழைய_இசைத்தட்டு:

அரசின் கஜானா காலியானபோது. 1991 செப்டம்பரில் சம்பளம் வராத சிப்பாய்கள் கின்ஷாசாவைச் சூறையாடினார்கள், 1993 ஜனவரியில் மறுபடியும். கடை, ஆலை, கிடங்கு எதுவும் மிஞ்சவில்லை. இசைத்தட்டு அச்சிடுவது அதற்கு முன்பே படுத்துவிட்டது. கேசட் வந்ததும் திருட்டுப் பிரதிதான் சந்தை. பாட்டு நாடெங்கும் ஒலிக்கும், பாடியவருக்கு ஒரு காசு வராது. உரிமைத்தொகை வசூலிக்க அரசு அமைப்பு பெயருக்கு இருந்தது.

இருபது முப்பது பேர் கொண்ட குழு. ஆட்டக்காரர்கள், கிட்டார்காரர்கள், அவர்களின் குடும்பங்கள். எதை வைத்து நடத்துவது? கேசட் விற்றுப் பணம் வராது என்றால், பதிவு செய்வதற்கு முன்பே பணம் வாங்க வேண்டும். அதைச் செய்ய லிபாங்கா ஒன்றுதான் வழி. பாட்டை எத்தனை பேர் திருடினாலும் பெயர் அதிலேயே இருக்கும். திருடத் திருடப் பணம் கொடுத்தவரின் பெயர் இன்னும் தூரம் போகும். கணக்கு எழுதுபவன் என்பதால் இந்த ஏற்பாட்டின் கெட்டித்தனம் எனக்கு உடனே பிடிபட்டது. லிங்காலாவில் ‘கல் உடைப்பது’ என்றால் வயிற்றுப்பாட்டுக்கு எதையாவது செய்து பிழைப்பது என்று அர்த்தம். கல் எறிபவரும் கல் உடைப்பவரும் அந்த ஊரில் ஒரே ஆள்.

அப்புறம் பீர். பிராலிமா கம்பெனியின் பிரிமூஸ் ஒரு பக்கம், பிராகொங்கோவின் ஸ்கோல் இன்னொரு பக்கம். வெங்கே மியூசிக்கா குழு 1997இல் உடைந்தபோது அதன் பாடகர்கள் வெராசோனும் ஜேபி எம்பியானாவும் எதிரெதிர் முகாம் ஆனார்கள். வெராசோன் பிரிமூஸ் பக்கம், எம்பியானா ஸ்கோல் பக்கம். ஒருவர் குடிக்கும் பீரைப் பார்த்து அவர் யாருடைய ரசிகர் என்று சொல்லிவிடலாம். மேடை, ஒலிபெருக்கி, லாரி, சுவரொட்டி என எல்லாம் கம்பெனி செலவு. ஏழைப் பேட்டை மக்கள் காசில்லாமல் கச்சேரி பார்த்தது அந்தப் பணத்தில்தான், இதையும் சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சியும் அதே கதை. 1990இல் ஒரு கட்சி ஆட்சி முடிந்த பிறகு தனியார் சேனல்கள் பெருகின. 2006 தேர்தலில் அப்போதைய அதிபர் கபிலாவும் அவரை எதிர்த்த பெம்பாவும் மோதியபோது, பெம்பாவிடம் சொந்தச் சேனல்கள், கபிலாவின் இரட்டைச் சகோதரி பக்கம் டிஜிட்டல் கொங்கோ. நிருபருக்கு ஒழுங்கான சம்பளம் கிடையாது. செய்தி வரவேண்டும் என்று கூப்பிட்டவர்தான் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அதற்கு ‘கூப்பாஜ்’ என்று பெயர். பாட்டில் பெயர் சொல்வதும் செய்தியில் பெயர் சொல்வதும் ஒரே வழியில் வந்து நின்றுவிட்டன.

லா_சப்பல்_வாசி:

வணக்கம் அண்ணை. நான் இருக்கிறது பாரிஸில், எங்கட தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பலுக்குக் கிட்ட. அங்கேயிருந்து கொஞ்சம் நடந்தால் ஷாத்தோ ரூஜ், கொங்கோக்காரரின் கடைத்தெரு. அதனால் இந்தக் கதையின் மற்றப் பக்கம் எனக்குத் தெரியும்.

இங்கே ‘கொம்பத்தான்’ என்று ஒரு கூட்டம் உண்டு. போராளிகள் என்று அர்த்தம். கபிலாவுக்குப் பாடின, அவருடைய ஆட்களின் பெயர் சொன்ன எந்தப் பாடகரும் ஐரோப்பாவில் மேடை ஏறக்கூடாது என்று நின்றவர்கள். பல வருடமாகப் பெரிய கொங்கோக் கச்சேரி எதுவும் பாரிஸில் நடக்கவில்லை. 2020 பிப்ரவரி 28, கொங்கோப் பாடகர் ஃபாலி இபுபா பெர்சி அரங்கில் பாடின நாள். நான் வேலை முடிந்து வந்தால் கார் து லியோன் பக்கம் ஒரே கரும்புகை. தெருவில் வாகனங்கள் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே கச்சேரி நடந்தது.

ஊரில் பிணம் விழ, இங்கே ஆட்டமா என்ற கோபம் எனக்கு விளங்கும். ஆனால் ஷாத்தோ ரூஜில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் சொன்னது இன்னொன்று: “என்ர பிள்ளைகள் பிரெஞ்சில்தான் கதைக்குதுகள். லிங்காலா அதுகளுக்கு வருவது பாட்டால் மட்டும்.” ஃபாலி 2023 நவம்பரில் லா டெஃபான்ஸ் அரங்கில் பாடினபோது அவர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனவர்.

ஆறாம்_திணை:

இப்போது அதிபர் மாறிவிட்டாரே. தடையெல்லாம் குறைந்ததா?

பழைய_இசைத்தட்டு:

ஆள் மாறினார், பழக்கம் மாறவில்லை. முத்துவாஷி ஆட்டத்தை உலகுக்குக் கொண்டுபோன பாடகி த்ஷாலா முவானா கபிலா கட்சியில் இருந்தவர். 2020 நவம்பரில் நன்றிகெட்டத்தனம் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டார். யார் பெயரும் அதில் இல்லை. புதிய அதிபர் த்ஷிசெகெடியைத்தான் சொல்கிறார் என்று உளவுத்துறை பிடித்துக்கொண்டு போய் மறுநாள் விட்டது. பெயர் சொல்லக் காசு வாங்கும் ஊரில், பெயர் சொல்லாததற்குக் கைது.

2021 நவம்பரில் தணிக்கைக் குழு சில பாட்டுகளைத் தடை செய்தது. அதில் ஒன்று ‘நாங்கள் என்னதான் செய்யவில்லை’ என்று கேட்கும் பாட்டு. படித்தோம், ஜெபித்தோம், வாக்களித்தோம், நாடு ஏன் இப்படியே இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். குழுவின் பெயர் எம்பிஆர். மொபுட்டு கட்சியின் சுருக்கப் பெயரும் அதே மூன்று எழுத்துதான், தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். பெரிய எதிர்ப்பு எழுந்ததும் அந்தத் தடையை விலக்கிக்கொண்டார்கள். அடுத்த மாதமே கொங்கோ ரும்பா யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

நெய்தல்:

சார், முதல் பதிவில் நான் போட்ட கேள்வியை இப்போது அப்படியே கேட்க மாட்டேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பெயர் வாங்கப் பணம் இருப்பவன்தான் பாட்டில் நிற்பான். மற்றவர்கள்? சாதாரண ஜனத்தின் பெயரை யார் சொல்வார்கள்?

பழைய_இசைத்தட்டு:

அதற்கு எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

முதலில் குறிப்பிட்ட அந்த நண்பர் ஒரு சனிக்கிழமை இரவு தன் பேட்டைக்கு அழைத்துப் போனார். மேடை என்று ஒன்றும் இல்லை. பீர்க்கடை முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், உள்ளூர்க் குழு, ஊர் தாண்டி யாருக்கும் தெரியாத பையன்கள். செபென் தொடங்கியதும் மக்கள் ஒவ்வொருவராக எழுந்து போய் அட்டலாக்குவின் காதில் ஏதோ சொல்லிவிட்டுக் கையில் நோட்டைத் திணித்தார்கள். தையற்காரர், ரொட்டி விற்கும் அம்மா, வண்டி ஓட்டுநர். எல்லாம் அழுக்கேறிய சின்ன நோட்டுகள்.

நண்பரும் போனார். அவர் அப்பா தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்த்து இறந்தவர். அந்தப் பெயரைத்தான் கொடுத்தார். அட்டலாக்கு அவசரத்தில் அதைத் தப்பாகச் சொல்லிவிட்டார். நண்பர் மறுபடி முன்னால் போய்ப் பக்கத்தில் நின்று, அசை அசையாகச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாவது தடவை சரியாக வந்தது. மூன்றாவது தடவை, காசு கேட்காமலேயே, அந்தப் பையன் அதைத் தாளத்தோடு சேர்த்து இழுத்துப் பாடினான். நண்பர் திரும்பி வந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.